எலும்புக்கூட்டுக்கு ஆள் வேண்டும்

போன் அலறியது.

வலது முழங்காலில் வெந்நீர்ப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்ஸ்பெக்டர் எடுத்தார். மறுமுனையில் எலும்பு டாக்டர்.

"சார், கொஞ்சம் மேல வாங்க. எலும்புக்கூட்டைப் பத்திப் பேசணும்."

"போன்லயே சொல்லிடுங்களேன் மேடம்."

"பார்த்தாதான் நம்புவீங்க."

"லிப்ட்...?"

"போன வாரம் எப்படி நின்னுதோ அப்படியே நிக்குது."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். ஆய்வுக்கூடம் அடுத்த கட்டடத்தில், நாலாவது மாடி. ஒவ்வொரு படிக்கும் முட்டி 'கடக்' என்றது. எலும்புகளுக்கு நடுவே இருந்த மெத்தை தேய்ந்துவிட்டதாம். மாடிப்படி ஏறக்கூடாதாம். சொன்னதும் இதே டாக்டர்தான்!

மூன்று நாளில் இது ஒன்பதாவது ஏற்றம். ஒரு தடவையாவது உருப்படியான பதில் கிடைத்ததா? இடுப்பெலும்பைப் பார்த்தால் ஆண். தொடையெலும்பை அளந்தால் ஐந்தரை அடி. வயது முப்பதுக்குள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

கண்ணாடித் தொழிற்சாலையின் பழைய குடியிருப்பை இடித்தபோது, ஓர் அறையின் தரைக்கடியில் அந்த எலும்புக்கூடு கிடைத்தது. மண்டையின் பின்பக்கம் நொறுங்கியிருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே இளைஞர்கள். இரண்டு பேருமே ஊருக்குப் புதுசு.

ஒருவன், இல்லத்தில் வளர்ந்த அநாதை. வேலைக்கான ஆர்டரோடு வந்தவன். இன்றைக்கும் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர்.

இன்னொருவன், வேலை தேடி வந்து அவனோடு ஒட்டிக்கொண்டவன். அப்புறம் அவனை யாருமே பார்க்கவில்லை.

காணாமல் போனவனுக்கு ஓர் அக்கா. எங்கேயோ தொலைவில், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தம்பியின் படம் என்று அவளிடம் இருந்தது ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் பட்டாணி அளவு முகம். தினமும் காலையில் போன் செய்வாள்.

"அது சின்னவன்தானா சார்? ஆமான்னா அழுது தீர்த்துடுவேன். தெரியாம படுத்திருக்கறதுதான் முடியல."

நாளைக்குச் சொல்கிறேன் அம்மா என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர். சொல்லும்போதெல்லாம் அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

இன்றைக்கு நாலு மணி வரைதான் கெடு. எலும்பு யாருடையது என்று நிரூபிக்காவிட்டால் ஸ்டோர்கீப்பரை விட்டுவிட வேண்டும் என்று நீதிபதி கறாராகச் சொல்லிவிட்டார். டி.என்.ஏ. முடிவு வர மூன்று மாதம் ஆகும்.

மணி இரண்டரை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசையில் தலை முதல் கால் வரை வரிசையாக எலும்புகள்.

"உக்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு."

"இது சின்னவன்தான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். மூச்சு தானா வந்துடும்."

"இது சின்னவன் இல்ல."



டாக்டர் விளக்குப் பெட்டியில் ஒரு பழைய எக்ஸ்ரே படத்தை மாட்டினார்.

"அக்கா அனுப்பின படம், இன்னிக்குதான் வந்து சேர்ந்தது. பதினெட்டு வயசுல சின்னவன் கீழ விழுந்தப்ப எடுத்தது. இடது முட்டி. சில்லைப் பாருங்க."

முட்டிச் சில்லு இரண்டு துண்டாக இருந்தது.

"உடைஞ்சிருக்கு. அதான் மாவுக்கட்டுப் போட்டாங்கன்னு அக்கா சொன்னாங்களே."

"தப்பாப் போட்டிருக்காங்க. உடைஞ்ச எலும்போட விளிம்பு கூர்கூரா இருக்கும். இது கூழாங்கல்லு மாதிரி மழமழன்னு இருக்கு பாருங்க. சில பேருக்கு வளர்ற வயசுல சில்லோட மேல் மூலை ஒட்டாம தனியா நின்னுடும். முக்கால்வாசிப் பேருக்கு அது இருக்கறதே தெரியாது."

"பின்னாடி ஒட்டியிருக்கலாமே?"

"ஒட்டாது. ஆயுசுக்கும் ரெண்டுதான்."

மேசையிலிருந்து ஒரு சில்லை எடுத்து இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் வைத்தார் டாக்டர். முழுசாக இருந்தது.

"சின்னத் துண்டு மண்ணுல தொலைஞ்சிருந்தாக்கூட மூலையில பள்ளம் தெரியும். இதுல இல்ல. இந்த ஆள் வேற யாரோ."

"யாரோன்னா யாரு மேடம்? அந்த ரூம்ல இருந்தது ரெண்டே பேர். ஒருத்தன் லாக்கப்ல உக்காந்து டீ குடிக்கறான். மூணாவது ஆளுக்கு நான் எங்க போறது?"

"எலும்பு பேர் சொல்லாது சார்."

இன்ஸ்பெக்டர் ஏட்டுக்குப் போன் போட்டார்.

"ஸ்டோர்கீப்பரை விடறதுக்குப் பேப்பர் ரெடி பண்ணுய்யா... ஆமா, விடறோம். அந்த வக்கீல் இன்னும் அங்கதான் உக்காந்திருக்காரா? இருக்கட்டும், வரேன்."

வைத்துவிட்டு, அக்குளில் இடுக்கியிருந்த பழுப்புக் கவரைக் கோபமாக மேசையில் போட்டார்.

"இந்தக் கண்றாவியையும் பார்த்துடுங்க. சாயந்திரத்துக்குள்ள என் வேலையும் போயிடும்."

டாக்டர் கவரைப் பிரித்துப் படத்தை விளக்கில் மாட்டினார். நெற்றி சுருங்கியது.

"ஏன் சார், அதே படத்தையே மறுபடி குடுக்கறீங்க?"

"அது வேற படம் மேடம்."

"அதே முட்டி. இருங்க... படம் புதுசு. ஓரத்துல லேசாத் தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு." சட்டென்று திரும்பினார். "சின்னவன் உயிரோட இருக்கான்னு என்கிட்ட ஏன் சொல்லல? எப்ப எடுத்தீங்க இதை?"



"நேத்து. அது... ஸ்டோர்கீப்பரோட முட்டி."

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நேத்து காலைல இருந்து நொண்ட ஆரம்பிச்சான் மேடம். போலீஸ் அடிச்சு முட்டியை உடைச்சுடுச்சுன்னு வக்கீல் மனு போட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுக்க வச்சதும் அவர்தான். சில்லு உடைஞ்சிருக்குன்னு அங்கயும் எழுதிக் குடுத்துட்டாங்க. நான் அவனை விரலால கூடத் தொடல."

"அவனுக்கு அது பழைய கதை சார். பதினெட்டு வயசுல 'உனக்கு முட்டி உடைஞ்சிருக்கு'ன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. படம் எடுத்தா உடைஞ்ச மாதிரி தெரியும்னு நம்பி நொண்டியிருக்கான். அது வளர்ச்சியில வந்த கோளாறுன்னு அவனுக்கே தெரியாது."

இன்ஸ்பெக்டர் மேசையைப் பார்த்தார். ஆர்டரில் பெயர் மட்டும்தான் இருந்தது, போட்டோ இல்லை. வேலையில் சேர வேண்டிய பையனை அடித்துப் புதைத்துவிட்டு, அவன் பெயரிலேயே சின்னவன் போய்ச் சேர்ந்திருக்கிறான். செத்தவனைத் தேட ஓர் ஆள்கூட இல்லை. பன்னிரண்டு வருடமாக யாருமே தேடாத அந்த எலும்புகளுக்கு நடுவே, கையிலிருந்த சில்லை மெல்ல அதன் இடத்தில் வைத்தார்.

நாலு மாடியையும் அவர் எப்படி இறங்கினார் என்று முட்டிக்குத்தான் தெரியும்.

மூன்றரை மணி. லாக்கப் வாசலில் வக்கீல் கையில் பேனாவோடு நின்றிருந்தார். உள்ளே ஸ்டோர்கீப்பர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன சார், எலும்பு யாருதுன்னு தெரிஞ்சுதா?" என்றான் சிரித்துக்கொண்டே.

"தெரிஞ்சுது. அவங்க வீட்டுக்குச் சொல்லணும். ஒரு நிமிஷம் இரு."

இன்ஸ்பெக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு, கம்பிக்குப் பக்கத்தில் நீட்டினார்.

"சார்...?" அக்காவின் குரல் நடுங்கியது. "சின்னவன்தானா சார்? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நான் தாங்கிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கவில்லை.

"யாராவது பேசுங்களேன்... காலைல அவன் சட்டையைத்தான் எடுத்து வச்சுப் பார்த்துட்டிருந்தேன். பித்தான் தைக்கணும்னு சொல்லிட்டே இருந்தான், தைச்சுக் குடுக்காமயே அனுப்பிட்டேன்..."

ஸ்டோர்கீப்பரின் விரல்கள் நின்றுவிட்டன. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உலகத்தில் ஒரு சொந்தமும் இல்லாத அந்த அநாதை கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா..."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் விம்மலாகிவிட்டது. அழுது தீர்த்துவிடலாம் என்று காத்திருந்தவளுக்கு இப்படியொரு பதிலைக் கொடுத்துவிட்டோமே என்று இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்ஸ்பெக்டர், என்ன நடக்குது இங்க? என் கட்சிக்காரரோட முட்டிச் சில்லுக்கு நீங்க பதில் சொல்லியாகணும்."

"கோர்ட்லயே சொல்றேன் சார். படம் எடுக்க வச்சது நீங்கதானே... அரசுத் தரப்பு சாட்சி லிஸ்ட்ல உங்க பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்!"