ஏழு கூடை சவுக்கு மண்

சுவர் ஓரத்து வரிசைதான் முதலில் செத்தது. எல்லப்பனுக்கு அது புரியவே இல்லை. நாற்று வாடினால் வெயில் படுகிற வெளிப்பக்கம் வாட வேண்டும். வீட்டுச் சுவரின் நிழலில், குடம் குடமாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டு சொகுசாக நிற்கிற வரிசையா முதலில் சாகும்? மறுநாள் அதற்கடுத்த வரிசை. அதற்கு மறுநாள் மூன்றாவது. வீட்டுப் பக்கமிருந்து வெளியே பார்த்து, நாளுக்கு ஒரு வரிசையாகச் சாவு நகர்ந்துகொண்டிருந்தது.

இது நான்காவது விதைப்பு. சண்டைக் காலத்தில் நிலக்கரி கிடைக்கவில்லை, ரயில் எஞ்சினுக்கே விறகு கேட்கிறார்கள் என்று காண்டிராக்டர் பக்தவச்சலம் திருத்தணியில் நந்தியாற்றங்கரையில் நிலம் பிடித்து, சவுக்கு நாற்று விட எல்லப்பனை வைத்திருந்தார். கூலியோடு ஒரு மண் வீடும் கொடுத்திருந்தார். மூன்று முறை விதைத்து மூன்று முறையும் நாற்று விரல் உயரத்தில் மஞ்சளாகிச் செத்தது. சாணம் போட்டான், சாம்பல் போட்டான், ஆட்டுப் புழுக்கை போட்டான், மலைக்குப் போய் மொட்டையும் போட்டான். என்ன எழவைப் போட்டாலும் அந்த நிலத்துக்குப் போதவில்லை.

கடைசியில் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு பழைய சவுக்குத் தோப்பிலிருந்து ஏழு கூடை மண்ணைப் பக்தவச்சலம்தான் வரவழைத்தார்.

"இதுல வெள்ளையா நூல் ஓடுது பாரு, அது காளான் சாதி. வேரோட ஒட்டிக்கினு எங்கெங்கயோ கீற சத்தையெல்லாம் இழுத்தாந்து குடுக்கும். எருவே வேணாம். காய மட்டும் வுட்றாத, செத்துப் பூடும்."

எல்லப்பன் இரண்டு கூடையைப் பாத்தியில் கலந்தான். மீதியை வீட்டுக்குள்ளே, மனைவி மணியம்மையின் தலைமாட்டில் மண்தரையில் கொட்டி, ஈரச் சாக்கைப் போட்டு மூடினான். நாள் முழுக்க நிழலான இடம் வேறு இல்லை. தை மாதம் ஏழு மாதக் கரு கலைந்ததிலிருந்து மணியம்மை பாயோடு பாயாகக் கிடந்தாள். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு எல்லப்பனை வெளியே கூப்பிட்டு, இனி அவள் வாய்க்குப் பிடித்ததைச் செய்து கொடு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மண் வந்த வாரம் அவள் கஞ்சி கேட்டாள். மறுவாரம் பேச ஆரம்பித்தாள். கன்னத்தில் சதை பிடித்தது. எல்லப்பன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதான். ஆனால் வாசலைத் தாண்டினால் கருகிய நாற்று. மனுஷனை நிம்மதியாக அழக்கூட விடாத பிழைப்பு.

புரட்டாசி பாதியில் பக்தவச்சலம் வந்து பாத்தியைப் பார்த்தார்.

"ஐப்பசி மழைக்கு நாத்து வேணும். இல்லன்னா வேற ஆளை வெச்சிக்கிறேன். நீ வூட்டைக் காலி பண்ணிக்கினு போ."

"அவளைத் தூக்கிக்கினு எங்கங்க போவேன்?"

"அது எனக்கின்னா தெரியும்?" என்று வண்டியில் ஏறினார்.

மழைக்கு முந்தைய புழுக்கம் அன்று மத்தியானம் ஊரையே பிடித்து நசுக்கிற்று. மலைமேல் உச்சிகால மணி அடித்து ஓய்ந்தபிறகு காக்கைகூடக் கத்தவில்லை. ஈரச் சாக்கும் காளானும் கலந்த வாடை, இப்போதெல்லாம் மணியம்மையின் தலைமயிரிலும் வருகிற அதே வாடை, வாசல் வழியாக வந்து பாத்திமேல் தங்கி நின்றது. அதோடு, காய்ந்த தரை தண்ணீர் குடிக்கும்போது வருமே, அந்த மெல்லிய சத்தம், எங்கிருந்தென்று தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பாத்தியில் அப்போது தண்ணீர் இல்லை.

எரிச்சலோடு களைக்கொட்டை எடுத்துச் செத்த வரிசையைக் கொத்தினான். வெள்ளை நூல். பக்தவச்சலம் காட்டியபோது சிலந்தி நூல் கனம்தான் இருந்தது. இப்போது பூக்கட்டுகிற நார் கனம். செத்த வேர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று. எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. சுவர்ப் பக்கம். சுவருக்கு அடியில்.

ஒன்றைப் பிடித்து இழுத்தான். சூடாக இருந்தது.

வீட்டுக்குள் மணியம்மை அலறினாள்.

ஓடினான். "இன்னாடி ஆச்சு?"

"முதுகுல சுருக்குனு இழுத்துது."

அவளை உட்கார்த்தத் தோளுக்கடியில் கை கொடுத்தான். தோள் வந்தது. முதுகு வரவில்லை. இன்னும் தூக்கியபோது பாயும் சேர்ந்து வந்தது. பாயோடு தரை மண்ணும் பெயர்ந்தது. குனிந்து பார்த்தான். கோரை இடுக்கெல்லாம் வெள்ளை. பாயைத் துளைத்து. புடவையைத் துளைத்து. தோலுக்குள். ரத்தம் இல்லை. ஒவ்வொன்றும் மெதுவாக உப்பி, இளைத்து, மறுபடி உப்பியது. சத்தம் இங்கிருந்துதான்.

அரிவாளை எடுத்தான். ஒரு நூலை அறுத்தான்.

அவள் உதடு வெளுத்தது. கண் உள்ளே போயிற்று. தை மாதத்து முகம்.

"அறுக்காத பாவா," என்றாள். எல்லப்பன் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள். "சுடுகாட்டு வரிக்கும் போய்ட்டு வந்தேன். திரும்ப அனுப்பாத."

அரிவாளைக் கீழே போட்டான். அறுந்த முனை தரையில் துழாவியது. அவள் தோலைத் தேடிப் பிடித்தது.

வாசலுக்கு வந்து பார்த்தான். பாத்தியில் ஒரே ஒரு வரிசைதான் மிச்சம்.

மறுநாள் விடிந்தபோது அதுவும் கருகிவிட்டிருந்தது. மணியம்மை கஞ்சியைத் தொடவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. மூச்சு விட்டு விட்டு வந்தது. நாற்று போனால் வீடு போகும், போகட்டும். இவள் போனால்? தானே அவள் பக்கத்தில் படுத்துவிடலாமா என்று நினைத்தான். படுத்துவிட்டால் கஞ்சி யார் வைப்பது, தண்ணீர் யார் இறைப்பது? காரணம் கிடைத்ததில் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த வீட்டுக் கெங்கம்மாள் பூக்கூடையும் இடுப்பில் குழந்தையுமாக உள்ளே வந்தாள். மலை அடிவாரத்தில் பூ விற்கிறவள். பிள்ளைக்கு எட்டு மாதம்.

"எல்லப்பண்ணா, இன்னிக்கிக் கிருத்திகை. கூட்டத்துல இவனைத் தூக்கிக்கினு முடியல. அக்காதான் இப்ப தேறிக்கிச்சே, செத்த வுட்டுட்டுப் போறேன். பேசாம வெளையாடிக்கினு கெடப்பான்."

மணியம்மை தலையைத் திருப்பிக் குழந்தையைப் பார்த்தாள். பிறகு எல்லப்பனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை.

கெங்கம்மாள் தோளிலிருந்த பழம்புடவையை எடுத்தாள். "உத்தரத்துல ஏணை கட்டிப் போடட்டுமா? இல்ல கீழயே வுடட்டுமா?"

எல்லப்பன் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தான். நல்ல கெட்டியான உத்தரம்.

"கீழயே வுடும்மா," என்றான்.

அவள் போய்விட்டாள். எல்லப்பன் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். உள்ளே குழந்தை சிரித்தது. திரும்பக் கூடாது என்று நினைத்தான். திரும்பினான்.

குழந்தை குப்புறக் கவிழ்ந்து தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் மூக்குக்கு நேரே தரையில் ஒரு கீறல். அதிலிருந்து வெள்ளையாக ஒன்று மேலே வந்து அசைந்தது. குழந்தை அதை எட்டிப் பிடித்தது. பொக்கை வாயைத் திறந்து, உள்ளே வைத்துக்கொண்டது.