பென்குயின்காரர் போனை எடுக்கவில்லை

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி வைப்பதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. அவளுக்குத் தன் தலையைப் பற்றிக் கவலையில்லை... துப்பட்டாவுக்குள் அணைத்துப் பிடித்திருந்த லேப்டாப்பைப் பற்றித்தான் கவலை. அது அக்காவின் கணவரான அத்தானின் மூக்குக் கண்ணாடிக் கடை லேப்டாப். வந்து போனவர்களின் கண் பவர் முழுக்க அதற்குள்தான் கிடந்தது. காலையில் அது பாட்டுக்கு "அப்டேட் செய்யவா?" என்று கேட்டது. இவளும் பாவம் பார்த்து "சரி" என்று அமுக்கினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, திரை கறுத்துப்போய்விட்டது. சரிசெய்து வாங்கத்தான் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

எதிரே நூலகம். ஓடினாள். படியேறின வேகத்தில் காலில் ஏதோ சிக்கியது... 'டக்' என்று ஒரு சத்தம்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவன், தரையில் குப்புறக் கிடந்த போனையும் அவள் காலில் சுற்றியிருந்த சார்ஜர் கேபிளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சாரிங்க... உடைஞ்சிடுச்சா?"

"உடையல." போனைத் திருப்பினான். "அப்டேட் பாதியில ஓடிட்டு இருந்துச்சு. பேட்டரி சுத்தமா இல்ல. கேபிள்லதான் உயிரைப் புடிச்சிட்டு இருந்துச்சு."

"திரும்பப் போட்டாப் போச்சு. போன்தானே?"

"போன்தானேவா?"

அவன் நிமிர்ந்தான். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்த்தே பிழைப்பவள் அவள். கடையில் கண் பரிசோதிப்பதுதான் வேலை. இந்தக் கண்ணைப் பார்த்ததும் முதலில், இடது கண்ணில் லேசாகப் பவர் இருக்கும் என்று தோன்றியது. அடுத்து என்ன தோன்றியது என்று அவளுக்கே புரியவில்லை. மழைச் சாரல் வேறு முகத்தில் அடித்தது.

"இது லினக்ஸ் போனுங்க. மத்த போன் மாதிரி கம்பெனிக்காரன் சொன்னபடி ஆடாது. இதுல எது ஓடணும், எது ஓடக் கூடாதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"அப்ப இப்ப ஏன் ஓடல?"

அவன் செத்த போனை ஒரு தடவை தட்டிப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது... ஆனால் அவனும் சேர்ந்து சிரித்ததுதான் இன்னும் குழப்பம். கோபக்காரன் என்றல்லவா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்?

அவன் நூலகத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவன். பையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம் ஒட்டியிருந்ததால், அங்கே எல்லோரும் அவனைப் பென்குயின்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் லேப்டாப்பிலும் லினக்ஸ்தான் என்று தெரிந்ததும் அவனுக்குப் போன் செத்த துக்கம் பாதி போய்விட்டது. பழைய பெட்டிக்கு அதைப் போட்டால் இன்னும் அஞ்சு வருஷம் இழுக்கும் என்று யாரோ சொல்லி அத்தான் போட்டிருந்தார். அவன் லேப்டாப்பை மடியில் வைத்து, ஆன் செய்யும்போதே கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து, அப்டேட்டுக்கு முந்தின பதிப்பைத் தேடி எடுத்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது.

"பாஸ்வேர்டு கேக்குது. நீங்களே அடிங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

அவள் அடித்தாள். திரையில் ஒன்றுமே வரவில்லை. மறுபடி, கொஞ்சம் பலமாக அடித்தாள்.

"கீபோர்டும் போச்சுங்க. ஒரு எழுத்துகூட விழல. புள்ளியாச்சும் வரணுமில்ல?"

"வராது. வெளிய எதையும் காட்டிக்காது. உள்ள எல்லாம் வாங்கிக்கும். நம்பி என்டரைத் தட்டுங்க."

தட்டினாள். கடையின் திரை பளிச்சென்று வந்து நின்றது. இப்படியும் ஒரு பெட்டியா... இப்படியும் ஒரு ஆளா என்று அவள் பார்த்தாள். அவனோ மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு அடிக்கடி தலைவலி வருமே?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"கண்ணைச் சுருக்கிப் பாக்கறீங்க. கடைக்கு ஒருநாள் வாங்க."

*

மறுநாளே வந்து நின்றான். பரிசோதனை அறையில் விளக்கை அணைத்து, கனமான சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் ஏற்றினாள். அதில் ஒரு லென்ஸ் வில்லையை வைத்தாள், எடுத்தாள், வேறொன்றை வைத்தாள்.

"இது தெளிவா இருக்கா, அதுவா?"

"இது."

திரும்ப அதே இரண்டையும் மாற்றி வைத்தாள்.

"இப்ப?"

"...அது."

"அட, நிதானமாச் சொல்லுங்க. எழுத்தைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இருட்டு நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அவள் முகம் போன போக்கை அவன் கண்ணாடி இல்லாமலே பார்த்திருப்பான். அதற்குப் பிறகு அவன் எழுத்துகளை ஒழுங்காகப் படித்தான். அவள்தான் ஒரு வில்லையைக் கீழே போட்டாள்.

வெளியே வந்து தன் போன் நம்பரைச் சொன்னான். போனுக்கு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டானாம், முன்பைவிட அருமையாக ஓடுகிறதாம்.

"கண்ணாடி தயாரானதும் நாங்களே கூப்பிடுவோம்" என்றாள் வழக்கம்போல.

"கூப்பிடுங்க." வாசல் வரை போனவன் நின்றான். "கண்ணாடிக்கு இல்லாட்டியும் கூப்பிடுங்க..."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா? லேப்டாப் கெட்டால் கூப்பிடு என்று அர்த்தமா? ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க இப்படிப் புரட்டுவதற்கு அவளுக்கு என்ன தலையெழுத்து?

வீட்டில் அக்கா வேறு காத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல இடம்டி. நல்ல வேலை, அமைதியான பையன். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நான் பதில் சொல்லியாகணும். நீ சரின்னா பேசி முடிச்சிடுவோம்."

"யோசிச்சுச் சொல்றேங்க்கா."

"மனசுல யாராச்சும் இருக்காங்களா?"

"தெரியலக்கா."

"இருக்குன்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு. இது என்னடி தெரியல?"

அக்கா கேட்டதில் தப்பில்லை. அம்மா போன பிறகு இவளை வளர்த்தவள் அவள். கேட்க உரிமை உண்டு. ஆனால் இவள் என்ன சொல்வாள்? கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போன ஒருத்தன் இருக்கிறான்... அவன் மனசில் நான் இருக்கிறேனா என்று தெரியாது, தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றா? வெள்ளிக்கிழமைக்குள் அது ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். அவள் மனசு மதில் மேல் பூனையாக உட்கார்ந்திருந்தது.

கண்ணாடி சீக்கிரமே தயாராகிவிட்டது. நல்ல சாக்குக் கிடைத்தது. முந்தின நாள் இரவே ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரலோடு கூப்பிட்டாள். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது... நின்றது.

வேலையாக இருப்பான். மதியம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எடுக்காதவன் திருப்பியாவது கூப்பிட வேண்டாமா? அதுவும் இல்லை. செய்தி அனுப்பலாம்... என்னவென்று அனுப்புவது? கண்ணாடி தயார் என்றா, நான் தயார் என்றா? நூலகம் இரண்டு ஸ்டாப் தள்ளித்தான். போய் நிற்கலாம்தான். எடுக்காதவன் எதிரே போய் நிற்க அவளுக்கு ரோஷம் விடவில்லை.

வியாழக்கிழமை அவள் செய்த காரியத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். லேப்டாப் மறுபடி "அப்டேட் செய்யவா?" என்று கேட்டது. கெட்டுப்போனால் அவனே வந்து பார்த்தாக வேண்டுமே என்று கண்ணை மூடி "சரி" என்று அமுக்கினாள். பாவி லேப்டாப், அன்றைக்குப் பார்த்து எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டு, முன்னைவிட வேகமாக எழுந்து நின்றது. அவளுக்கு அழுகையே வந்தது.

*

வெள்ளிக்கிழமை மதியம் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். முகம் உம்மென்று இருந்தது.

"கண்ணாடி தயாரானா கூப்பிடுவோம்னு சொன்னீங்க. வாரம் ஓடிடுச்சு. ஒரு வார்த்தை கூப்பிடல."

அவள் காதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"நான் கூப்பிடலையா? நானா?"

"பின்ன? தினமும் போனைக் கையில வெச்சுப் பாத்துட்டு இருந்தேன். ஒரு கால்கூட வரல."

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்குங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டு விரலே தேஞ்சு போச்சு. எடுக்கப் புடிக்கலைன்னா நேரா சொல்லிடணும்."

உள்ளே வில்லை அறுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அத்தான் எட்டிப் பார்த்தார். இருவரும் குரலை அடக்கினார்கள். அவன் போனை எடுத்துக் காட்டினான். வந்த அழைப்பு என்று ஒன்றுமில்லை. அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். அவன் நம்பர் வரிசையாக இருந்தது. இரண்டும் நிஜம். இரண்டும் எப்படி நிஜமாக இருக்கும்?

"இப்பக் கூப்பிடுங்க" என்றான்.

போனை மேசையில் வைத்தான். திரை அணைந்தது. கொஞ்சம் பொறுத்து அவள் கூப்பிட்டாள். அவள் காதில் மணி அடித்தது. மேசையில் கிடந்த போன் கும்பகர்ணனாகத் தூங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது... அது அசையவே இல்லை.

"என்ன, ஆளுக்கொரு போனை வெச்சிக்கிட்டு உத்துப் பாத்துட்டு இருக்கீங்க?" என்றார் அத்தான்.

தலையை ஆட்டிக்கொண்டே அவர் மறுபடி உள்ளே போனார். பென்குயின்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு அப்டேட் நின்னுபோச்சுல்ல... திரும்பப் போடும்போது பேட்டரி நிக்கணும்னு, திரை அணைஞ்சதும் போன் தூங்கற தூக்கத்தை ரொம்ப ஆழமா வெச்சிட்டேன். சார்ஜ் ரெண்டு நாளைக்கு நிக்குதேன்னு எல்லார்கிட்டயும் பீத்திட்டு வேற திரிஞ்சேன். கால் வந்தாக்கூட அது எழுந்திரிக்கல போல."

"உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

"ஆபீஸ்ல சொன்னாங்க, கூப்பிட்டா எடுக்கறதே இல்லைன்னு. அவங்க லைன்தான் சரியில்லைன்னு அவங்ககிட்டயே சண்டை போட்டேன். இந்தப் போனை யாராச்சும் குறை சொன்னா எனக்கு ஆகாது..." தலை குனிந்திருந்தது. "வீம்புதாங்க. நீங்க கூப்பிடலைன்னதும் நேத்தே வந்திருக்கலாம். அதுக்கும் வீம்பு."

அவளுக்குக் கோபப்படுவதா, மன்னிப்பதா என்று தெரியவில்லை. அவன் எடுக்காமல் இருந்தான் என்று நினைத்து அழுத அழுகையெல்லாம் என்ன ஆவது? அந்த ஆள் எடுக்கத்தான் காத்திருந்திருக்கிறான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு இடம் வந்திருக்கு" என்றாள். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அக்காவுக்குப் பதில் சொல்லணும்."

அவன் முகம் வெளுத்தது.

"என்ன சொல்லப் போறீங்க?"

"அதைக் கேக்கத்தான் இத்தனை தடவை கூப்பிட்டேன்."

"என்கிட்டயா?"

"வேற யார்கிட்ட?"

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அந்தப் படியிலயே புடிச்சுப்போச்சு... போன் போன துக்கத்துல அப்பத் தெரியல. வீட்டுக்குப் போய்த்தான் தெரிஞ்சுது. நீங்க வேற யாரையாச்சும் கட்டிக்கிட்டா, நான் என்ன ஆவேன்னு எனக்குத் தெரியல."

அவளுக்குக் கண் நிறைந்தது. அவள் வாய் திறப்பதற்குள் அவள் போன் அடித்தது. அக்கா. என்ன தைரியமோ, எடுத்து அவனிடமே நீட்டினாள். அவன் அதை வாங்கினான்.

"அக்கா, வணக்கம்... நான் நூலகத்துல வேலை பாக்கறேன். உங்க தங்கச்சியக் கட்டிக்க ஆசைப்படறேன். நீங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி என்னையும் ஒரு தடவை பாக்கணும்னு கேட்டுக்கறேன்."

"போனை அவகிட்டக் குடுங்க" என்றாள் அக்கா.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அக்கா அதட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்காவின் குரல் உடைந்திருந்தது.

"நான் என்னமோ உன்னைப் புடிச்சுத் தள்ளற மாதிரி இருந்துச்சாடி? என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே இப்பத்தாங்க்கா..."

"சரி, அழாத. உனக்குச் சம்மதமா? அதை மட்டும் சொல்லு."

எத்தனையோ நாளாக அவள் மனசுக்குள் கிடந்த இதுவா அதுவா எல்லாம் அந்த ஒரு நொடியில் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் எதிரேயே நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சம்மதங்க்கா."