கட்டிலுக்கு அடியில் ஒரு மிருகக்காட்சிசாலை

சலவைத்தூள் கம்பெனி ஒன்று சலவைக்கடைக்காரர்களுக்காக நடத்திய குலுக்கலில் அம்மாவுக்கு முதல் பரிசு விழுந்தது. குடும்பத்தோடு கப்பல் பயணம்! இரண்டாம் பரிசு ஒரு மூட்டை சலவைத்தூள். அம்மாவுக்கு உள்ளூர இரண்டாம் பரிசின் மேல்தான் கண். ஆனால் வீட்டில் மற்ற மூன்று பேரும் குதித்த குதியைப் பார்த்து, அதை வெளியே சொல்லாமல் விட்டுவிட்டார்.

அப்பாவுக்குக் குழாய் பழுதுபார்க்கும் தொழில். பிள்ளைகளுக்குச் செல்லப்பெயர் வைக்கும் பொறுப்பை அவரிடம் விட்டது அம்மா செய்த தவறு. பத்து வயது மகளுக்கு 'ஸ்பானர்' என்று பெயர் வைத்தார். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். ஐந்து வயது மகன் 'வாஷர்'. அளவில் சிறியவன்தான். ஆனால் அவன் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் வீடு முழுக்க ஒழுக ஆரம்பித்துவிடும்.

கப்பல் சாயங்காலம்தான் புறப்படும். அதனால் பெட்டிகளைக் காலையிலேயே துறைமுகத்தில் ஒப்படைத்துவிட்டு, நால்வரும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள்.

"முதல்ல யானை!" என்றான் வாஷர். மிருகக்காட்சிசாலையில் யானை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"யானை எங்கயும் ஓடிப்போகாதுடா. போற வழியில ஒரு பழைய பம்ப் நிலையம் இருக்காம். அஞ்சே நிமிஷம்," என்றார் அப்பா.

அப்பாவின் ஐந்து நிமிஷம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் ஊருக்கே தண்ணீர் இறைத்த பம்ப் அது. அப்பா அதை முன்னால் நின்று பார்த்தார். பின்னால் நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு காவலாளியிடம் அனுமதி வாங்கி, ஒரு திருகாணியைக் கன்னத்தைத் தடவுவது போலத் தடவிப் பார்த்தார்.

"இந்த வால்வைப் பாரேன்! என்ன கம்பீரம்!"

"யானையைவிடவா?" என்று கேட்டாள் ஸ்பானர்.

அப்பா யோசித்தார். அவர் யோசித்ததே வாஷருக்குப் பிடிக்கவில்லை.

மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது யானைக் கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது. யானைக்காரர் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"யானை தூங்கப் போயிடுச்சு தம்பி. இப்பதான் குளிப்பாட்டி உள்ள விட்டேன்."

"போயிடுச்சா?" வாஷரின் கீழ் உதடு பிதுங்கியது.

"அட, எங்கயும் போகலப்பா. உள்ளதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். நாளைக்குக் கூப்பிட்டா வந்து நிக்கும்."

"நாளைக்கு நாங்க கடல்ல இருப்போம்," என்றான் வாஷர்.

வாஷர் ஒழுக ஆரம்பித்தான். கப்பல் ஏறும்வரை ஒழுகினான்.

"ஊர்ல எல்லார் வீட்டுக் குழாயையும் அடைச்சிருக்கேன். இது ஒண்ணைத்தான் என்னால அடைக்க முடியல," என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

கப்பலில் அவர்களுடைய அறைக்கதவைத் திறந்ததும் அழுகை நின்றது. கட்டிலின் நடுவே ஒரு யானை நின்றுகொண்டிருந்தது! வெள்ளை வெளேரென்ற யானை. நான்கு தடித்த கால்கள், விசிறி போன்ற காதுகள், வளைந்த துதிக்கை. எல்லாமே துண்டு. உடம்புக்கு ஒரு பெரிய துண்டு, தலைக்கு ஒரு சின்னத் துண்டு.

"அக்கா! நமக்கு முன்னாடியே வந்துடுச்சு!" என்று கிசுகிசுத்தான் வாஷர்.

அறையைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் வாசலில் நின்று சிரித்தார். உயரமாக, ஒல்லியாக இருந்தார். குழந்தைகள் உள்ள அறைகளில் தினமும் சாயங்காலம் துண்டில் ஒரு மிருகம் செய்து வைப்பது அவர் வழக்கமாம்.

அப்போதுதான் அது நடந்தது.

அம்மாவின் மேல் குற்றம் சொல்ல முடியாது. வருஷக்கணக்காகச் சலவைக்கடையில் பழகிய கை அது. சுருண்டிருக்கும் துணி எதைக் கண்டாலும் தானாக மடித்துவிடும். ஒரு தடவை கடைக்கு வந்த பெண் ஏதோ கவலையைச் சொல்லி அழுதபோது, அம்மா அவர் கையிலிருந்த கைக்குட்டையையே வாங்கி மடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பாவம், அந்தப் பெண் கண்ணைத் துடைக்கத் தயங்கித் தயங்கி நின்றாராம்.

"ஜன்னல் வழியா கடல் நல்லா தெரியுதுல்ல?" என்று கேட்டபடியே அம்மா யானையைத் தூக்கி, ஓர் உதறு உதறி, நான்காக மடித்து மேசைமேல் வைத்தார்.

வாஷர் கட்டிலைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான்.

"அம்மா யானையைக் கொன்னுட்டா!"

அந்த அலறலைக் கேட்டு, கப்பல் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்துப் பக்கத்து அறைக்காரர் வெளியே வந்து பார்த்தார். அண்ணன் ஓடிப்போய்த் தன் தள்ளுவண்டியிலிருந்து இன்னொரு யானையைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் சத்தம் அடங்கியது. அன்றைக்கே வாஷர் சட்டம் போட்டுவிட்டான். மிருகங்களை யாரும் தொடக்கூடாது. முக்கியமாக, அம்மா தொடக்கூடாது.

கட்டிலுக்கு அடியில் மிருகக்காட்சிசாலை உருவானது இப்படித்தான். யானைக்குத் துணையாக முயல் வந்தது. முயலுக்குப் பின்னால் குரங்கு, அன்னம், முதலை. வாஷர் தினமும் அவற்றுக்குப் பெயர் சொல்லி வணக்கம் வைத்தான்.

கப்பலில் ஒரு விதி இருந்தது. காலையில் எத்தனை அழுக்குத் துண்டு திரும்பி வருகிறதோ, அத்தனை புதுத் துண்டுதான் கொடுப்பார்கள். இந்த அறையிலிருந்து எதுவும் திரும்பிப் போகவில்லை. போக வேண்டியதெல்லாம் கட்டிலுக்கு அடியில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அண்ணனும் தன் வண்டியில் இருந்த உபரித் துண்டுகளை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். ஒருநாள் அதுவும் தீர்ந்தது.

அப்பா குளித்துவிட்டுத் தன் சட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டார். அம்மா தலையணை உறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதை மடித்து வைத்தார்.

முதல் துறைமுகம் வந்தபோது இன்னொரு சிக்கல் வந்தது.

"எல்லாரும் போயிட்டா, யாராவது வந்து மடிச்சிடுவாங்க. ஒருத்தர் காவல் இருக்கணும்," என்றான் வாஷர்.

அப்பா தங்கினார். அந்த ஊரில் மிகப் பெரிய நீரூற்று ஒன்று இருந்ததாம். திரும்பி வந்தவர்கள் அதைப் பற்றிச் சொன்னபோது அப்பா முதலையை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாம் துறைமுகத்தில் ஸ்பானரின் முறை. மலைமேல் ஏறும் குட்டி ரயிலில் மற்றவர்கள் போக, அவள் கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வெளியே பேச்சுக்குரல் கேட்டது.

"துண்டுக் கணக்கு உதைக்குதே. உங்க பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு குறையுது?" இது கப்பலின் பெண் மேற்பார்வையாளரின் குரல்.

"பார்த்துச் சரி பண்ணிடறேன் மேடம்." இது அண்ணன்.

"நாளைக்குக் காலையில நானே ஒவ்வொரு அறையா வந்து பார்ப்பேன். அப்பவும் குறைஞ்சா, உங்களைக் கீழ்த்தளத்துச் சாமான் அறைக்கு மாத்தறதைத் தவிர வேற வழியில்ல."

காலடிச் சத்தம் தேய்ந்தது. ஸ்பானர் எட்டிப் பார்த்தாள். அண்ணன் தள்ளுவண்டியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அண்ணே, துண்டெல்லாம் எங்க கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே. தினம் பெருக்கும்போது அந்த முதலை என் காலையே பார்க்குது."

"அப்புறம் ஏன் எடுக்கல? மேடம்கிட்டயும் ஏன் சொல்லல?"

அண்ணன் பின்னந்தலையைச் சொறிந்தார். "நான் இந்தத் தளம் பூரா மிருகம் செய்யறேன் பாப்பா. மறுநாள் போய்ப் பார்த்தா, பிரிச்சு, மூஞ்சியைத் துடைச்சு மூலையில போட்டிருப்பாங்க. துண்டுன்னா துடைக்கத்தானே, தப்பு சொல்ல முடியாது. ஆனா உங்க அறையில மட்டும்தான் அதுங்க உசுரோட இருக்கு. எடுக்க மனசு வரல."

"சாமான் அறையில மிருகம் செய்ய முடியுமா?"

"யாருக்குச் செய்யறது? பெட்டிங்களுக்கா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியாக மூடாத குழாய் மாதிரி இருந்தது.

ஸ்பானர் கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டினாள். மிருகங்கள் வரிசையாக நின்றன. வாஷர் இல்லாத நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அண்ணன் தப்பிப்பார், வாஷர் அழுகிற அழுகையில் கப்பல் மூழ்கும். எடுக்காவிட்டால் வாஷர் சிரிப்பான், அண்ணன் பெட்டிகளோடு போவார்.

யானை அவளைப் பார்த்தது. அவளுக்கு அந்த யானைக்காரர் ஞாபகம் வந்தார்.

"அண்ணே," என்று தலையை வெளியே இழுத்தாள். "யானை எப்படிச் செய்யறது? எனக்குச் சொல்லித் தாங்களேன்."

அண்ணன் யானையைப் பிரித்துப் பெரிய துண்டைத் தரையில் விரித்தார். "ரெண்டு முனையிலிருந்தும் நடுவுக்கு இறுக்கமா சுருட்டு. சுருட்டிட்டியா? இப்ப அப்படியே பாதியா வளைச்சு நிறுத்து. நாலு கால் ஆச்சா?"

"ஆச்சு!"

"சின்னத் துண்டுல துதிக்கையும் காதும். ரெண்டு ஓரத்தையும் கூம்பு மாதிரி சுருட்டி, நுனியை வளைச்சு விடு. பின்பக்கத்தை விரிச்சா காது."

ஸ்பானர் செய்த முதல் யானை, அப்பா பார்த்த பம்ப் மாதிரி இருந்தது. இரண்டாவது, மப்ளர் சுற்றிய பன்றி மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பப் பிரித்தாள், திரும்பத் திரும்பச் சுருட்டினாள். கடைசியில் ஒன்று யானையாகவே நின்றது. அண்ணன் கைதட்டினார்.

வாஷர் திரும்பி வந்ததும் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். "எல்லாரும் இருக்காங்களா? யானை எங்கக்கா?"

"தூங்கப் போயிருக்கு," என்றாள் ஸ்பானர்.

அவள் மடியில் ஒரு பெரிய துண்டும் ஒரு சின்னத் துண்டும் தட்டையாகக் கிடந்தன. வாஷரின் கீழ் உதடு பிதுங்கியது. அப்பா அவசரமாகத் தலையணை உறையைத் தேடினார்.

"இருடா, அழாதே. அன்னிக்கு அந்த யானைக்காரர் என்ன சொன்னார்?"

"...உள்ளதான் இருக்குன்னார்."

"கூப்பிட்டா?"

"வந்து நிக்கும்னார்."

"அப்போ கூப்பிடு."

வாஷர் சந்தேகத்தோடு துண்டைப் பார்த்து, "யானை, வா," என்றான். ஸ்பானர் சுருட்டினாள், வளைத்தாள், நிறுத்தினாள். தலையைத் தூக்கி வைத்தாள். யானை வந்து நின்றது!

வாஷர் மூச்சு விடவில்லை. ஸ்பானர் யானையின் துதிக்கையை மெதுவாக நீவிப் பிரித்தாள். யானை தூங்கப் போயிற்று. மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் வந்தது.

"நான்! நான் கூப்பிடறேன்!"

வாஷர் கூப்பிட்ட யானைக்கு ஒரு காது இடுப்பில் இருந்தது. கால்கள் நான்கு திசைக்கும் போக முடிவு செய்திருந்தன. ஆனாலும் அது யானைதான், ஏனென்றால் அவன் அப்படித்தான் சொன்னான். அதைத் தானே பிரித்துத் தூங்க வைத்தான். பிறகு யோசித்துவிட்டுக் கேட்டான்:

"அக்கா, மத்தவங்களும் இத்தனை நாள் தூங்கவே இல்லையா?"

"இல்லடா. கண்ணே மூடல."

"ஐயோ பாவம்." அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்து, முதலையை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "அம்மா, நீ இவங்களைத் தூங்க வைக்கறியா? சத்தம் போடாம?"

அம்மாவின் கை இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் துடித்துக்கொண்டிருந்தது. முதலை, முயல், குரங்கு, அன்னம், எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் சதுரமாக, ஓரத்தோடு ஓரம் ஒட்டி அடுக்காக எழுந்தன. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைக் கப்பல் ஏறிய பிறகு யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் வந்தார். அடுக்கைப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"யார் மடிச்சது இது? எங்க சலவை அறையிலகூட இப்படி மடிக்க ஆள் இல்லையே!"

"அதுங்க தூங்குதுங்க. மெதுவா பேசுங்க," என்றான் வாஷர்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு எண்ணினார். "ஒண்ணே ஒண்ணு குறையுதே?"

குளியலறைக் கதவு திறந்து அப்பாவின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "அது என் இடுப்புல இருக்குங்க. இப்பவே வேணுமா?"

"வேண்டாம் வேண்டாம்!" என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் வேகமாக வெளியே போனார். போகிற போக்கில் அண்ணனிடம், "கணக்கு சரியா இருக்கு. உங்க வேலையைப் பாருங்க," என்றார். அண்ணன் ஸ்பானரைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்று சாயங்காலம் அவர் மிருகம் எதுவும் செய்து வைக்கவில்லை. இரண்டு துண்டுகளை மட்டும் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். யானையை எழுப்பும் வேலையை வாஷரே பார்த்துக்கொண்டான்.

கடைசித் துறைமுகத்தில் நால்வரும் ஒன்றாக இறங்கினார்கள். கண்ணாடித் தரை போட்ட படகில் உட்கார்ந்து மீன்களைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை, குளியலறைக்குள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"யாரங்கே! துண்டு எடுக்காம வந்துட்டேன். யாராவது கொண்டுவாங்களேன்!"

"இதோ வரேன்பா!" என்று வாஷர் ஓடினான்.

அப்பா கதவை லேசாகத் திறந்து கையை நீட்டினார். இடுக்கு வழியாக முதலில் துதிக்கைதான் உள்ளே வந்தது.