நீலக் கிண்ணம்

மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வரும். அந்த நான்கு மதியங்களும் தனக்கே சொந்தம் என்று கேதகி நினைத்திருந்தாள்.

நாக்பூரில் டிசம்பர் வந்துவிட்டால் வீடெல்லாம் ஆரஞ்சு மணம்தான். பழத்தை எல்லோரும் தின்பார்கள். தோலைக் கேதகி மொட்டைமாடியில் காயவைப்பாள். அது அப்பளம் மாதிரி நொறுங்கும் அளவுக்குக் காய்ந்ததும், மசூர் பருப்பும் ஒரு பிடி அரிசியும் சேர்த்து மிக்சியில் அரைப்பாள். பிறகு சலிப்பாள். மெல்லிய மாவு முகத்துக்கு. சல்லடையில் தங்கும் கப்பி காலுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கேதகியின் ஆயி, அதாவது அம்மா, அந்த மாவில் தயிரும் இரண்டு சொட்டுத் தேனும் விட்டுக் குழைப்பார். கேதகியின் முகத்தில் இரண்டு விரலால் பூசிவிடுவார். கேதகி ஆயியின் முகத்தில் பூசுவாள். பிறகு இருவரும் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். கால்மணி நேரம். வாரம் முழுவதும் மின்வாரிய அலுவலகத்துக்கு ஓடும் ஆயி, அந்தக் கால்மணி நேரம் எங்கேயும் ஓட மாட்டார்.

இப்போது பாயில் மூன்று பேர்.

மூன்றாவது ஆள் ஓவி. ஆயியின் தங்கை சுமேதா மாவ்ஷியின் மகள். அம்மாவின் அக்கா, தங்கை யாரானாலும் அவர்களுக்கு மாவ்ஷிதான். கேதகியைவிட மூன்று மாதம் சின்னவள். சுமேதா மாவ்ஷி நர்ஸ். கட்சிரோலிக்குப் பக்கத்தில், காட்டோரமாக இருக்கும் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. ஓவியின் அப்பா ராணுவத்தில், எங்கோ எல்லையில். அதனால் இந்த வருடம் ஓவி இங்கே தங்கிப் படிக்கிறாள்.

முதல் வாரம் கேதகிக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. ஆரஞ்சுச் சுளையில் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை, ஆயி ஓவிக்கு மட்டும் உரித்துக் கொடுத்தார். ஓவிக்குத்தான் முதலில் பின்னல் போட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அதைவிட மோசம்.

"ஓவி, நீ பூசி விடு எனக்கு. உன் கை பஞ்சு மாதிரி இருக்கு. இவ பூசினா செவுத்துக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி இருக்கும்" என்றார் ஆயி.

ஓவி சிரித்தாள். ஆயியும் சிரித்தார். கேதகிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் ஒரு வாரமாகியும் அடங்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காரக் குழம்பு ஊற்றிய அவலான தர்ரி போஹா சாப்பிடும்போது ஆயி சொன்னார்: "இன்னைக்கு நல்லா போட்டுக்கணும்டி. நாளைக்கு ஆபீஸ்ல புது அடையாள அட்டைக்கு போட்டோ எடுக்கறாங்க. பழைய போட்டோல நான் கம்பி திருடினவ மாதிரி இருக்கேன்."

"புதுசுல திருந்தினவ மாதிரி இருப்பே" என்றார் கேதகியின் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து.

மதியம் ஆயி துணி உலர்த்த மாடிக்குப் போனார். "கேதகி, நீயே கலந்து வை" என்று படியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். சமையலறையில் கேதகி மட்டும்.

மூன்று கிண்ணங்கள் எடுத்தாள். ஆயிக்கு எவர்சில்வர், தனக்கு வெள்ளை, ஓவிக்கு நீலம். முதல் இரண்டில் சலித்த மாவைப் போட்டுத் தயிரும் தேனும் விட்டுக் குழைத்தாள். நீலக் கிண்ணத்தின் மேல் அவள் கை நின்றது.

பக்கத்துத் தட்டில் கப்பி இருந்தது.

'கொஞ்சம் சுரண்டட்டும். நாளைக்கு ஸ்கூல்ல செவசெவன்னு போய் நிக்கட்டும். பஞ்சுக் கையாம்' என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் கை கப்பியை அள்ளிவிட்டது. அது போதாதென்று, முகத்தில் போடவே கூடாது என்று ஆயி சொல்லியிருந்த எலுமிச்சையிலும் அரை மூடி பிழிந்தாள். மேலாக ஒரு கரண்டி தயிர் விட்டுக் கலக்கினாள். பார்க்க மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான்.

கூடத்தில் ஆயி பாயில் படுத்தாயிற்று. ஓவி கிண்ணங்களைப் பார்த்துவிட்டு, "மாவ்ஷி, உங்க எவர்சில்வரையே எடுக்கவா?" என்று கேட்டாள்.

"அந்த நீலம் கெட்டியா இருக்கு பாரு, அதையே பூசு. நாளைக்கு போட்டோல்ல."

ஓவி நீலக் கிண்ணத்தை எடுத்தாள். விரலை உள்ளே விட்டாள். ஆயி கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார்.

 கேதகி பாய்ந்து போய்க் கிண்ணத்தைப் பிடுங்கினாள். "இது என்னோடது" என்றாள்.

"என்னடி இது, கிண்ணத்துக்கு ஒரு சண்டையா?" ஆயி கண்ணைத் திறக்காமலேயே கேட்டார். "சரி, சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதே. எவர்சில்வரைக் குடு ஓவி."

இப்போது கிண்ணம் கேதகியின் கையில். கீழே கொட்டினால் ஏன் என்று கேட்பார்கள். வைத்துக்கொண்டு சும்மா நின்றாலும் கேட்பார்கள். வேறு வழி தோன்றவில்லை. இரண்டு கையாலும் அள்ளித் தன் முகத்திலேயே அப்பிக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடம் எலுமிச்சை வேலையைக் காட்டியது. மூக்கின் இரண்டு பக்கமும் எறும்பு கடிப்பதுபோல் இருந்தது. பிறகு கன்னம். பிறகு நெற்றி. முகத்தைச் சுளித்தால் கப்பி குத்தியது. சுளிக்காமல் இருந்தால் எரிந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

யாரோ அவள் மணிக்கட்டைத் தொட்டார்கள். ஓவி. அவளுடைய முகத்தில் வெள்ளைக் கிண்ணத்து மாவு இருந்தது.

"எழுந்திரு" என்று கிசுகிசுத்தாள். "வா, கழுவலாம்."

குழாயடியில் ஓவி குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினாள். கேதகி தேய்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "தேய்க்காதே. தானா போகட்டும்." எல்லாம் போனதும் பால் பாத்திரத்தில் இருந்த பாலாடையைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுத்தாள். கை உண்மையிலேயே பஞ்சு மாதிரிதான் இருந்தது. அது கேதகிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்புறம் ஓவி குனிந்து தரையைப் பார்த்தாள். தண்ணீர் வடிந்த இடத்தில் பருப்பு நொய் கிடந்தது.

"இது கால் கப்பி" என்றாள். "எலுமிச்சை வாசனையும் வருது."

கேதகி காலால் அந்த நொய்யை மறைத்தாள்.

"நீலக் கிண்ணம் எப்பவும் எனக்குத்தானே?"

"ம்."

ஓவி பஞ்சைக் கீழே வைத்தாள். தன் முகத்தைக்கூடக் கழுவாமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

கேதகி கூடத்துக்கு வந்தாள். ஆயி எழுந்து உட்கார்ந்திருந்தார். தக்காளி மாதிரி இருந்த மகளின் முகத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டார். "என்னத்தடி போட்டே?"

கேதகி சொன்னாள். கப்பி, எலுமிச்சை, யாருக்காகக் கலந்தாள் என்பது, எல்லாவற்றையும். 

 ஆயி தொட்டியில் இருந்த கற்றாழையை ஒடித்து அதன் சோற்றை மகளின் கன்னத்தில் தடவினார். விரல் மெதுவாகத்தான் தொட்டது. ஆனால் அவர் கேதகியின் கண்ணைப் பார்க்கவில்லை.

"அவ எங்கே?"

"மாடியில."

"நான் போகணுமா, நீ போறியா?"

"நானே போறேன்."

மாடியில் ஆரஞ்சுத் தோல் பரப்பிய துணிக்குப் பக்கத்தில் ஓவி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் ஈரமாக இரண்டு கோடு.

"நான் செஞ்சது தப்பு" என்றாள் கேதகி. "எனக்குப் பொறாமை. அது எங்க நேரம். நீ வந்து நடுவுல படுத்துட்டே."

ஓவி ஒரு தோலை எடுத்து ஒடித்தாள். இன்னொன்றையும் ஒடித்தாள். "மாவ்ஷி கூப்பிட்டாங்கன்னுதான் படுத்தேன்."

"தெரியும்."

"இல்ல, முழுசா தெரியாது. எங்கம்மா கையில மருந்து வாசனை வரும். மாவ்ஷி கையில வராது. ஆனா கண்ணை மூடிக்கிட்டா, பூசும்போது ரெண்டு பேர் விரலும் ஒரே மாதிரி இருக்கு. அதுக்குத்தான் வாரம் பூரா காத்திட்டிருப்பேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ ராத்திரி 'ஆயி, தண்ணி'ன்னு கத்தினா உடனே தண்ணி வருது. எனக்கும் பொறாமைதான். ஆனா நான் உன் தண்ணியில எலுமிச்சை பிழியல."

 ஓவியின் கன்னத்தில் வெடித்த மாவு உதிர்ந்துகொண்டிருந்தது. காய்ந்த தோல் அவ்வளவும் எதிரே கிடந்தது.

"உங்கம்மாவுக்கு யார் பூசி விடுவாங்க?" என்று கேதகி திடீரெனக் கேட்டாள்.

"அங்கே தயிருக்கே நேரமில்ல. மாவு அரைக்க யாரு இருக்கா?"

"நாம அரைச்சு அனுப்பலாமா? வெள்ளிக்கிழமை மருந்து எடுக்க அங்கிருந்து ஜீப் வருதில்ல?"

ஓவி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நீ சலிப்பியா?"

"நீ பக்கத்துல உக்காந்து பாரு. எலுமிச்சையை ஒளிச்சு வெச்சுக்கோ."

ஓவியின் வாய் சிரிக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தது. கடைசியில் சிரித்துவிட்டது. மாவு பொலபொலவென்று உதிர்ந்தது.

திங்கட்கிழமை ஆயியின் போட்டோ நன்றாக வந்தது. கேதகியின் முகம் பள்ளியில் நாள் முழுவதும் சிவந்தே இருந்தது. "என்ன ஆச்சு?" என்று கேட்ட எட்டுப் பேரிடமும், "கப்பி" என்று மட்டும் சொன்னாள். ஓவி வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை இருவரும் மாவு அரைத்தார்கள். சல்லடை போதாது என்று பழைய மெல்லிய வேட்டித் துணியில் சலித்தார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. "போதும்" என்று ஓவி பாட்டில் தேடப் போனாள். கேதகி மாவை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். இன்னும் ஒன்றிரண்டு உறுத்தியது. மறுபடி துணியை எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆயியின் போனில் ஒரு படம் வந்தது. சுகாதார நிலைய வராந்தா. ஒரு பெஞ்சில் நான்கு பேர். சுமேதா மாவ்ஷி, இரண்டு நர்ஸ்கள், சமையல்கார அம்மா. நான்கு முகத்திலும் ஆரஞ்சு மாவு. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

கூடவே மாவ்ஷியின் குரலும் வந்தது: "ஓவி, வெண்ணெய் மாதிரி வழவழன்னு இருக்குடி. யாரு இவ்வளவு நைஸா சலிச்சது?"

ஓவி போனை வாயருகே கொண்டுபோனாள். "கேதகிதாம்மா. மூணு தடவை சலிச்சா."

"நாலு" என்றாள் கேதகி, போனுக்குள் தலையை நீட்டி.