கூப்பிடு உயரம்

மேலே போன மூன்று ஃபிட்டர்களும் இறங்கி வந்து, கையைத் துடைத்து, அவரவர் பூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகும், மெயின் சுவிட்சில் ஒரு பூட்டு மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது.

மஞ்சள் பூட்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மீட்டர் முதலில் பனி என்றுதான் நினைத்தார். விடிந்தும் விடியாத நேரம், பூங்கா முழுக்க மூடுபனி, கைப்பிடிக் கம்பியிலிருந்து டிக்கெட் ஜன்னல் வரை தொட்டதெல்லாம் ஈரம். ஆனால் பனிக்கு நாற்றம் கிடையாது. இது நாறியது. பாசியும் துருவும், யாரும் கலக்காமல் வருடக்கணக்காகக் கிடந்த குளத்துத் தண்ணீரும் சேர்ந்த நாற்றம்.

மீட்டர் என்பது வேலையாட்கள் வைத்த பட்டப்பேர். மகள் நல்லா இருக்காளா என்று கேட்டால்கூட "ஒன்றரை மீட்டர் வளர்ந்துட்டா" என்று பதில் சொல்கிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? பூங்காவின் தலைமை இன்ஜினியர். ரோலர் கோஸ்டர் வரைவது அவர் தொழில். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். மனைவிதான் ஏறுவாள், இவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று ஆலோசனை சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன் வரைந்ததுதான் இப்போது தலைக்கு மேல் நின்றது. நூற்றைம்பது மீட்டர். பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியவில்லை. மேசை டிராயருக்குள் அடுத்ததன் படமும் தயாராக இருந்தது. இருநூறு.

"யாரு பூட்டுப்பா இது?"

மூத்த ஃபிட்டர் தன் பையைத் தட்டிக் காட்டினார். "எங்களுது இங்க இருக்கு சார்."

"எவனோ விளையாடுறான்."

"பொண்டாட்டிகிட்டகூட விளையாடுவோம் சார். பூட்டுல விளையாட மாட்டோம்."

அதுதான் அங்கே சட்டம். தண்டவாளத்தில் ஏறுகிறவன் எவனாக இருந்தாலும் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவியோடு ஏற வேண்டும். இறங்கி வந்து அவனேதான் திறக்க வேண்டும். ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் வண்டி அசையாது.

வண்டி மேடையோரம் நின்றது. இருபத்துநான்கு இருக்கைகளிலும் தண்ணீர் நிரப்பிய ரப்பர் பொம்மைகள், ஆள் எடைக்கு ஆள் எடை, தலையும் கையும் இல்லாமல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. ஒன்பது மணிக்கு முதலாளியும் பாதுகாப்பு அதிகாரியும் வருகிறார்கள். அதற்குள் இவற்றை வைத்து ஒரு முறை ஓட்டிக் காட்டியாக வேண்டும்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஆப்பரேட்டர் எழுந்து வந்தாள். பூட்டைத் தொடாமல், குனிந்து பார்த்தாள்.

"பூட்டு இருந்தா மேல ஆள் இருக்குன்னு அர்த்தம் சார். யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"எங்க அண்ணன் பூட்டு மாதிரியே இருக்கு." கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த சின்னச் சாவியை வெளியே இழுத்தாள். "போட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம்!"

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. ஃபிட்டர் திரும்பிப் பார்த்தார்.

அவள் அண்ணனைப் பல்லி என்பார்கள். கம்பி என்று ஒன்று இருந்தால் ஒட்டிக்கொண்டு ஏறிவிடுவான். செருப்பை உச்சிப்படியில் ஜோடியாக விட்டுவிட்டு, வெறுங்காலில் தண்டவாளத்தில் நடந்து சங்கிலிக்கு கிரீஸ் போடுவான். மீட்டரோடு அவனுக்கு ஓயாத வழக்கு ஒன்று உண்டு. எவ்வளவு உயரம்தான் கட்டுவது?

"கூப்பிடு தூரம்னு சொல்றோம்ல சார், அந்த மாதிரி கூப்பிடு உயரம்னு ஒண்ணு இருக்கு. மேல நிக்கிறவன் கத்தினா கீழ நிக்கிறவனுக்குக் கேக்கணும். அதுக்கு மேல ஒரு மீட்டர்கூட போகக் கூடாது."

மீட்டர் உடனே காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "என்னப்பா? கேக்கலையே!" என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பல்லியும் சிரிப்பான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பழைய கோஸ்டரில், அறுபது மீட்டரில், இதே மாதிரி ஒரு காலை. மேடையில் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சுவிட்சில் மஞ்சள் பூட்டு ஒன்று. "எவனோ மறந்துட்டுப் போயிட்டான்," என்று சொல்லி மீட்டரே கட்டர் எடுத்து வெட்டினார். வண்டி சங்கிலியில் பாதி ஏறியபோது மேலே ஒரு சத்தம்.

"ஏதோ கேட்டுச்சே?" என்றார் முதலாளி.

சிவப்புப் பொத்தான் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அமுக்கினால் வண்டி நிற்கும். சோதனை தோற்கும்.

"காத்து சார். உயரம்னா காத்து பேசத்தான் செய்யும்."

வெட்டிய பூட்டை அன்று மதியம் கோஸ்டருக்கு அடியிலிருந்த குளத்தில் வீசினார். பல்லி பூட்டு மாட்டாமல் ஏறிவிட்டான் என்று விசாரணையில் சொன்னார். ஆஸ்பத்திரியில் உடலோடு கொடுத்த பொருட்களில் சாவி இருந்தது, பூட்டு இல்லை. இரக்கப்பட்டு தங்கைக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். போதாக்குறைக்கு, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மீட்டரே ஒரு புது விதியையும் எழுதி வைத்தார். ஆள் தெரியாத பூட்டு தொங்கினால், தலைமை இன்ஜினியர் தானே உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு வந்துதான் வெட்ட வேண்டும். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. முதலாளி தோளில்கூடத் தட்டிக்கொடுத்தார்.

"விதிப்படி நீங்கதான் சார் ஏறணும்," என்றாள் ஆப்பரேட்டர். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அவள் சாவி அந்தப் பூட்டில் நுழைந்து திரும்புவதைவிட நூற்றைம்பது மீட்டர் ஏறுவது சுலபம் என்று பட்டது. ஏறிவிட்டு வந்து வெட்டலாம். இந்த முறை குளம் வேண்டாம், வேறு எங்காவது. வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைத்து, வாரை நாடியில் இறுக்கி, வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"சார், உங்க பூட்டு?" என்றார் ஃபிட்டர்.

மறந்தே போயிருந்தார். தன் சிவப்புப் பூட்டை மஞ்சளுக்குப் பக்கத்தில் மாட்டினார். விரல் மஞ்சளில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

தனி மோட்டாரில் ஓடும் தூக்குக் கூண்டு முனகிக்கொண்டு மேலே போனது. பத்து மீட்டருக்கு ஒரு தரம் தூணில் எண் எழுதியிருந்தது, எல்லாம் அவர் சொல்லி எழுதியது. இருபது. முப்பது. கீழே ஃபிட்டர்கள் பேசுவது கேட்டது. ஒருவர் இருமுவதும், யாரோ பக்கெட்டை நகர்த்துவதும், பக்கத்தில் நின்று செய்வது போலத் துல்லியமாகக் கேட்டன. அறுபதைத் தாண்டியதும் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது, கதவைச் சாத்தின மாதிரி. அதற்குப் பிறகு கூண்டின் முனகலும் அவர் மூச்சும் மட்டும். அப்புறம் மூன்றாவதாக ஒன்று. சொட். சொட். கூண்டின் கூரை மேல்.

மழையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மூடுபனிக்குள் மழையா என்று அவருக்குள்ளிருந்த இன்ஜினியர் கேட்டான். வாயை மூடு என்றார்.

நூற்று நாற்பதில் கூண்டு நின்றது. மிச்சம் படி. கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, படியைத் தவிர வேறு எதையும் பார்க்காமல், ஒவ்வொன்றாக ஏறினார். படிகளில் ஈரக் கால்தடம் இருந்தது. வெறுங்கால். ஏறிப்போன தடம் மட்டும்.

உச்சியில் யாரும் இல்லை.

காற்றுகூட இல்லை. கிரீஸ் டப்பா ஒன்று திறந்து கிடந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கடைசிப் படியில், ஒரு ஜோடிச் செருப்பு. ஒழுங்காக, சேர்த்து வைத்தபடி. நனைந்து ஊறி.

அதை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. ஒன்பது மணிக்கு ஆள் வருகிறார்கள். அவள் பார்ப்பாள். மீட்டர் குனிந்து, தண்டவாளத்தைக் கையால் பிடித்து, ஒரு காலை எடுத்து சங்கிலிக்கு அந்தப் பக்கம் வைத்தார். புது கிரீஸ். கால் வழுக்கி, சங்கிலிப் பள்ளத்துக்குள் கணுக்கால் வரை இறங்கியது.

இழுத்தார். வரவில்லை.

மறுபடி இழுத்தார். கிரீஸுக்கு அடியில் எதுவோ கணுக்காலைச் சுற்றியிருந்தது. குளிர்ந்தது. மெத்தென்றது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினார். ஐந்து விரல்.

பின்னால் கூண்டு, தானாக, இறங்கத் தொடங்கியது.

வாக்கி டாக்கியை அமுக்கினார். "ஃபிட்டர்! கால் மாட்டிக்கிச்சு. ஆள் அனுப்புப்பா. கேக்குதா?"

கரகரப்பு. பிறகு கீழே பேசுவது வந்தது. அவரிடம் இல்லை. அவர்களுக்குள்.

"அதுக்குள்ள இறங்கிட்டீங்களே சார்," என்றார் ஃபிட்டர். "மேல ஆள் இருக்கா?"

"எவனும் இல்ல," என்றது ஒரு குரல்.

மீட்டருக்கு அந்தக் குரல் தெரியும். இத்தனை வருடமாகத் தன் தொண்டையிலிருந்து கேட்டது.

"மஞ்சப் பூட்டக் காணோமே சார். இந்தச் சிவப்பு மட்டும்தான் இருக்கு," என்றாள் ஆப்பரேட்டர். "இது உங்களுதுதானே? திறந்திடுங்க."

"என்னோடது என் பையில இருக்கு. இது எவனோ மறந்துட்டுப் போயிட்டான். கட்டரக் கொடு."

"இல்ல!" என்று கத்தினார். பொத்தானை அமுக்கினார். "நான் இங்க இருக்கேன்! மேல இருக்கேன்! அது நான் இல்ல!"

டக்.

வாக்கி டாக்கியில், பூட்டு தரையில் விழும் சத்தம். அப்புறம் மணி. மூன்று தரம். வண்டி கிளம்புவதற்கு முன் அடிக்க வேண்டும் என்று அவரே போட்ட விதி.

காலுக்குக் கீழே சங்கிலி நகர்ந்தது.

வாக்கி டாக்கி வழுக்கி, கம்பியில் ஒரு முறை மோதி, பனிக்குள் போனது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை. அவ்வளவு உயரம்.

கத்தினார். பேர் சொல்லிக் கத்தினார், அம்மா என்று கத்தினார், பல்லியின் பேரையும் சொல்லிக் கத்தினார். "பல்லி, சொல்லிடுறேன்டா! எல்லாத்தையும் சொல்லிடுறேன்!" கணுக்காலில் பிடி ஒரு விரல்கூடத் தளரவில்லை. வண்டி ஏறி வரும் சத்தம் மட்டும் கேட்டது. கட கட கட கட. நிதானமாக.

அப்போது பனி விலகியது. நேர் கீழே மட்டும், கிணறு மாதிரி வட்டமாக.

மேடை தெரிந்தது. தீப்பெட்டி அளவு. கண்ணாடி அறை. உள்ளே ஆப்பரேட்டர், கையைச் சிவப்புப் பொத்தானுக்கு மேல் வைத்தபடி, தலையைச் சாய்த்து, எதையோ உற்றுக் கேட்கிறாள். அவளுக்கு ஏதோ கேட்டிருக்கிறது. அவள் வாய் அசைந்தது. பக்கத்தில் நின்ற ஆளிடம் என்னவோ கேட்டாள்.

பக்கத்தில் நின்ற ஆளுக்கு வெள்ளைத் தொப்பி. அவரைப் போலவே ஒரு தோள் தாழ்ந்த நிற்பு. மீட்டர் நாடியைத் தடவினார். வார் அங்கேதான் இருந்தது, இறுக்கமாக.

அந்த ஆள் அவளிடம் ஏதோ சொன்னான். சின்ன வாக்கியம். மீட்டருக்கு அது கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவள் கை பொத்தானைவிட்டு விலகியது.

கட கட கட. பனியைக் கிழித்துக்கொண்டு வண்டியின் மூக்கு வந்தது. அதன் பின்னால் பொம்மைகள், வரிசை வரிசையாக, தண்ணீர் தளும்ப. முதல் வரிசையில் இருந்ததற்குத் தலை இருந்தது. கை இருந்தது. வெறுங்கால்.

அது அவரைப் பார்க்கவில்லை. எட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அவரும் பார்த்தார்.

நூற்றைம்பது மீட்டர் கீழே, வெள்ளைத் தொப்பி நிமிர்ந்தது. முகத்தின் இடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி நேராக அவரையே பார்த்தது. பிறகு மெதுவாக ஒரு கையைத் தூக்கி, காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டது.