இரண்டு விரற்கடை

நுரைமெத்தை பெஞ்சைவிட இரண்டு விரற்கடை நீளமாக இருந்தது. முதலில் அவ்வளவுதான். இரண்டே இரண்டு விரல். இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா? அவளும் பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது.

முப்பது வருஷமாக நாற்காலிக்கும் சோபாவுக்கும் உறை தைக்கிறவள் அவள். புருஷன் அவளுக்கு வைத்த பேர் ஊசி. தொழிலுக்குப் பாதி, நாக்குக்குப் பாதி. அவர் தச்சர். ஊரார் வீட்டு அலமாரிகளையெல்லாம் செய்து ஓய்ந்த பிறகு, தனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றி, ஆற்றோரக் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய மோட்டார் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழே, நாலு மரக்கட்டைகள் மேல் அது உட்கார்ந்திருந்தது. இன்ஜினைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்தாயிற்று. உள்ளறையைப் புதுப்பிப்பது இவர்கள் பொறுப்பு. இருபுறமும் ஆறடிப் பெஞ்சு, நடுவில் முழங்கால் மடக்க இடம், பக்கத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல், தலைக்கு மேல் இழுத்து மூடும் கதவு. முன்பக்கம் மூக்கு மாதிரி கூர்ந்துபோய், சாமான் வைக்க ஒரு பொந்து.

"உன் துணி டேப்பைத் தூக்கிக் குப்பையில போடுன்னு எத்தனை தடவை சொல்றது? அது ரப்பர் மாதிரி இழுபடுது," என்றார் தச்சர்.

"என் டேப்புல அளந்து தைச்ச சோபா எதுவும் இதுவரைக்கும் திரும்பி வரல. உங்க இரும்பு டேப்பு நுனிதான் வளைஞ்சு கிடக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

"ஆமா, அந்தக் கூடத்தைக் கட்டினதும் ஒரு தச்சர்தானாம்."

சிரித்தார்கள். அவள் கத்தியால் மெத்தையின் ஓரத்தை இரண்டு விரற்கடை சீவி எறிந்தாள். பொருந்தியது.

மறுநாள் மறுபடி இரண்டு விரற்கடை நீளமாக இருந்தது. அன்றைக்கு அவருக்கும் அதே கதை. முந்தின நாள் அறுத்து வைத்த பலகை உள்ளே நுழையவில்லை. ஈரக்காற்றில் மரம் ஊதியிருக்கும் என்று சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டார். அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள். வேறு யாராவதாக இருந்தால் அன்றைக்கே அளவு ஏன் குறைகிறது என்று யோசித்திருப்பார்கள். இவர்கள் இருவரும் ஒருவர் டேப்பை ஒருவர் திட்டிக்கொண்டே, மூன்று நாள், வெட்டி வெட்டிப் பொருத்தினார்கள்.

நான்காம் நாள் தனியாக உள்ளே இறங்கியபோதுதான் அவளுக்கு அந்த வாசனை தட்டுப்பட்டது. புது வார்னிஷுக்கும் பழைய டீசலுக்கும் அடியில், தூங்கி எழுந்தவர் வாயைத் திறந்தால் வருமே, அந்த வெதுவெதுப்பான வாடை. பலகையைத் தொட்டாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி சுட்டது. வெயில் தகரத்தில் அடிக்கிறது, சுடாமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெளியே வந்து படகை நுனியிலிருந்து நுனிவரை அளந்தாள். வாங்கின அன்றைக்கு இருந்த அதே அளவு. ஒரு நூல் குறையவில்லை. உள்ளே மட்டும், அவள் வெட்டி எறிந்த நுரைத் துண்டுகளை அடுக்கிப் பார்த்தால், அரைச் சாண் காணாமல் போயிருந்தது.

டேப்பை நம்ப வேண்டாம் என்று நினைத்தாள். மெல்லிசான ஒரு ரீப்பர் கட்டையை எடுத்து, பெஞ்சின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் சரியாக முட்டுகிற மாதிரி அறுத்து, படுக்க வைத்துவிட்டு வந்தாள். கட்டைக்கு யார் பக்கமும் சேரத் தெரியாது அல்லவா?

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தாள். கட்டை வில்லாக வளைந்து நின்றது.

அதன் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்து பலகைக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். தலை கூரையில் இடிக்காமலிருக்கக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். போன வாரம் அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து டீ குடித்தவர்.

"ஏங்க, வெளிய வாங்க. இதைப் பாருங்க."

"நீதானே வளைச்சு வச்சே?"

"நான் எதுக்குங்க வளைக்கிறேன்? இந்த ரூம் சின்னதாயிட்டே வருது. கழுத்தைப் பாருங்க, எப்படி வச்சிருக்கீங்கன்னு."

"ஊசி, நீ குண்டாயிட்டேன்னு ஒத்துக்கோ. ரூமைக் குத்தம் சொல்லாதே." சிரித்தார். ஆனால் கை நிற்கவில்லை. "எனக்கு வசதியாத்தான் இருக்கு. பலகைக்குப் பலகை இடுக்கு தெரியாம சேர்ந்துடணும். அவ்வளவுதான் பாக்கி."

அன்று அவர் சாப்பாட்டையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டார். படுக்கையும் அங்கேதான். மறுநாள் மதியம் அவள் பிடிவாதமாகக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. முப்பது வருஷத்தில் வேலைக்கு நடுவே யாராவது தொட்டால் எரிந்துவிழாமல் இருந்ததேயில்லை அந்த மனுஷன்.

"சாயங்காலம் பாப்பா வந்ததும் ரெண்டு பேருமா சேர்ந்து இழுத்துப் போடுறோம், பாருங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். பாப்பா அவர்கள் மகள். இருபத்து நாலு வயசு, ஆபீசில் வேலை, ஆனாலும் பாப்பாதான். ஏணியை விட்டு இறங்கியதுமே நின்றாள். பாப்பாவை அதற்குள் இறங்க விடுவதா? வேண்டாம். அவள் ஐந்தரைக்கு வருவாள். அதற்குள் மனுஷனை வெளியே கொண்டுவந்து, கதவை இழுத்துப் பூட்டி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு இதை வந்த வழியே அனுப்பிவிட வேண்டும்.

நாலரை மணிக்கு இழைப்புளிச் சத்தம் நின்றது.

தையல் மெஷினிலிருந்து எழுந்து பின்கட்டுக்கு வந்தாள். தகரம் வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. படகு அசையாமல் நின்றது. ஏணியில் ஏறி, கதவருகே குனிந்தாள். அதே வெதுவெதுப்பான வாடை முகத்தில் அடித்தது, அடங்கியது, மறுபடி அடித்தது.

"ஏங்க?"

"இங்கதான்." குரல் வந்தது. ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ரொம்பத் தூரத்திலிருந்து. பன்னிரண்டு அடிப் படகில் அவ்வளவு தூரம் ஏது?

இறங்கினாள். நிற்க முடியவில்லை, தவழத்தான் முடிந்தது. இரண்டு பெஞ்சும் காலி. முன்பக்கப் பொந்தின் வாய் திறந்திருந்தது.

"எங்க இருக்கீங்க?"

"வா, வா. நேரா வா."

பொந்துக்குள் தலையை விட்டாள். தோளை விட்டாள். மூன்றடியில் முடிய வேண்டிய இடம் முடியவில்லை. இருபுறமும் புதுப் பலகை, வழவழவென்று, ஆணியில்லை, இடுக்கில்லை. முழங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். பத்து முறை. இருபது முறை. திரும்பிவிடு என்று உள்ளே ஒன்று சொன்னது. மனுஷனை விட்டுவிட்டா?

அவர் கை தட்டுப்பட்டது.

பக்கவாட்டில் படுத்திருந்தார். தலைக்கு மேல் பலகை. முதுகை ஒட்டிப் பலகை. காதின் மடிப்பைக்கூட விடாமல் அளந்து அறுத்த பலகை. நகம் நுழைய இடமில்லை. இழைப்புளி பிடித்த வலது கை மட்டும் முன்னும் பின்னும் ஒரு அங்குலம் போய்வந்துகொண்டிருந்தது.

"இடுக்கே இல்ல பாத்தியா," என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இழுத்தாள். மணிக்கட்டைப் பிடித்துத் தன் உயிரையெல்லாம் கூட்டி இழுத்தாள். சட்டைக் கை கிழிந்து வந்தது. அவர் வரவில்லை. சட்டை இருந்த இடத்தில், தோளில், வார்னிஷ் மினுங்கியது.

அவள் பின்வாங்கினாள். கத்தவில்லை. கத்த மூச்சு வேண்டும். கால்தான் முதலில் போக வேண்டும். காலால் துழாவித் துழாவி. வந்த வழிதான். ஆனால் இடுப்பு உரசியது. வரும்போது உரசவில்லை. பிறகு தோள் உரசியது. பிறகு கன்னம்.

பாதம் பலகையில் முட்டியது.

உதைத்தாள். அசையவில்லை. உடம்பைச் சுருட்டி, தோலைத் தேய்த்துக்கொண்டு, எப்படியோ தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். பொந்தின் வாய் இருந்த இடம் மூடியிருந்தது. பலகை. ஈர வார்னிஷ். நடுவில் நூலளவு ஒரு வெளிச்சக் கோடு. கண்ணை வைத்தாள்.

உள்ளறை தெரிந்தது. அழகாக இருந்தது. விசாலமாக, வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி. பெஞ்சின் மேல் அவள் தைத்த சிவப்பு மெத்தைகள். அத்தனை முறை வெட்டியும் அவை முழு ஆறடிக்கும் நிறைந்து கிடந்தன. திறந்திருந்த கதவு வழியாக வெயில் சாய்வாக விழுந்தது.

வெளியே கேட் கிரீச்சிட்டது.

"அம்மா?"

அவள் வாய் தானாகத் திறந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். ஒரு கூப்பாடு போட்டால் போதும். பாப்பா ஓடி வருவாள்.

ஓடி வருவாள். அதுதான். குரல் கேட்டுத்தானே இவளும் வந்தாள்?

மணிக்கட்டைப் பல்லுக்கிடையே கொடுத்துக் கடித்துக்கொண்டாள். போயிடு கண்ணு. யாரும் இல்லைன்னு நினைச்சுக்கோ. பக்கத்துத் தெருவுக்குப் போ. எங்கேயாவது போ.

"அப்பா? ரெண்டு பேரும் எங்க போயிட்டீங்க?"

ஏணி கிரீச்சிட்டது. வெயிலை மறைத்துக்கொண்டு ஒரு தலை.

"அடேங்கப்பா! முடிச்சே முடிச்சுட்டாங்களா!"

பாப்பா இறங்கினாள். பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள். போனை எடுத்துக் காதில் வைத்து யாரிடமோ, "ஏய், எங்கப்பன் ஒரு குட்டி அரண்மனையே கட்டிட்டாருடி. வந்து பாரு. சரி, நான் கொஞ்ச நேரம் சாய்றேன், ஆபீஸ்ல முதுகு உடைஞ்சு போச்சு," என்றாள். சிவப்பு மெத்தையில் கால் நீட்டிப் படுத்தாள்.

வெயில் கண்ணில் அடித்தது போலிருக்கிறது. கையை உயர்த்தி, தலைக்கு மேலிருந்த கதவைத் தானே இழுத்து மூடினாள்.

வட்டக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அதில் மகளின் மூச்சு சீராவது தெரிந்தது. தூங்கிவிட்டாள். அதற்கென்றே காத்திருந்தது போல மரம் ஒருமுறை முனகியது.

இனி வாயை அடைத்துக்கொண்டிருந்து பயனில்லை. ஊசி கையை வாயிலிருந்து எடுத்தாள். கத்த வாயைத் திறந்தாள். பலகை உதட்டில் இருந்தது.

வெளிச்சக் கோட்டில் இப்போது மகளின் பாதம் மட்டும்தான் தெரிந்தது. படுத்தபோது அந்தப் பாதத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. பிறகு நான்கு விரல். பிறகு இரண்டு. பெருவிரல் பலகையைத் தொட்டது.

தூக்கத்தில், சிரித்தபடி, பாப்பா முழங்காலை மடக்கிக்கொண்டாள்.