மூன்றாவது வசனம்

டமார் என்று அரங்கு வீட்டுக்குள் ஏதோ விழுந்தது.

சாலோமி தோள்பையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. ராதாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து, பாளையங்கோட்டை வீட்டுக்குள் அப்போதுதான் கால் வைத்திருந்தாள்.

"எலிதான்க்கா," என்றாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் முத்துராணி. "மத்தியானத்துல இருந்து உருட்டுது. கதவைத் தட்டி, 'சும்மா கெட'ன்னு ஒரு அதட்டு போட்டேன். கொஞ்ச நேரம் அடங்கிக் கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரருகூட அப்படிச் சொன்ன பேச்சு கேக்க மாட்டாரு."

சாலோமி சிரித்தாள். சிரித்த பிறகுதான் உறைத்தது. நெல் கொட்டிவைக்கும், சன்னல் இல்லாத அந்த உள்ளறையை அப்பா காலி செய்து, தரைக்குப் புதுச் சிமெண்ட் பூசிப் பூட்டியது அவள் பிறப்பதற்கு முன்பு. உள்ளே விழுவதற்கு ஒன்றும் கிடையாது.

முத்துராணி குடையை விரித்துக்கொண்டு போனாள். கூடவே கரண்டும் போனது.

மெழுகுவர்த்தியைத் தேடும்போது போன் அடித்தது. ராதாபுரம் சபை உபதேசியார்.

"பிள்ளே, பழைய அடக்க ஏட்டையும் புரட்டிட்டேன். உங்க தாத்தா இருக்காரு, பெரியப்பா இருக்காரு. எஸ்றான்னு ஒரு பிள்ளையை இங்கன அடக்கம் பண்ணல."

"சரியாப் பாத்தியளா?"

"ரெண்டு வாட்டி பாத்தாச்சு. கிருபைராஜ் மகளுக்கு நான் தப்பாச் சொல்லுவனா? வேற எங்கனயாவது வச்சிருப்பாங்க. அம்மாட்ட கேளு."

அம்மாவிடம் எப்படிக் கேட்பது? கெசியா படுக்கையில் விழுந்து மூன்று வருடம். பேச்சு இல்லை. கண் மட்டும் உண்டு. இப்போது அது அரங்கு வீட்டுக் கதவின் மேல் இருந்தது.

அப்பா இறந்து இரண்டு மாதம். வாரிசுச் சான்றிதழுக்காக நாளைக் காலை அவள் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அண்ணன் எஸ்றா எட்டு வயதில் காய்ச்சலில் இறந்து ராதாபுரத்தில் அடக்கமானான் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருடம் கோர்ட்டில் சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தவரின் மகள், தெரியாத ஒன்றுக்கு எப்படிச் சத்தியம் செய்வாள்?

அண்ணனைப் பற்றி அப்பா சொன்னது ஒரே ஒரு தடவை. கொல்லை மாமரத்தில் முதலில் பழுத்தது கோயிலுக்கு என்பது வீட்டு வழக்கம். காணிக்கைக்கு எடுத்துவைத்திருந்த பழத்தைத் தின்றுவிட்டு அவன் இல்லையென்று சாதித்தானாம். 'பொய் சொன்னான். கண்டிச்சேன். அப்புறம் காய்ச்சல் வந்துட்டு.' மரத்தை அந்த வருடமே வெட்டிவிட்டார். அம்மா சொன்னதும் ஒன்றே ஒன்று. 'அவனுக்கு இழுப்பு உண்டு. தூசி ஆகாது.'

ஆறரை மணி. ஜெப நேரம்.

அம்மாவின் கட்டிலருகே மெழுகுவர்த்தியை வைத்து வேதப் புத்தகத்தைத் திறந்தாள். இந்த வீட்டில் ஆளுக்கு ஒரு வசனம். முதல் வசனம் அப்பா. இரண்டாவது அம்மா. மூன்றாவதை யாரும் வாசிக்க மாட்டார்கள். அது எஸ்றாவுடையது. ஒரு சின்னப் பையன் எழுத்துக்கூட்டி வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்பா கண்ணை மூடிக் காத்திருப்பார். பிறகு நான்காவது சாலோமிக்கு. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மௌனத்துக்குப் பின்தான் அவளுடைய முறை.

அப்பா வசனத்தை வாசித்தாள். அம்மாவுக்காக இரண்டாவதையும் வாசித்தாள். நிறுத்தினாள்.

ஓட்டுச் சரிவிலிருந்து மழைத்தண்ணீர் முற்றத்து வாளியில் சொட்டும் சத்தமும், மெழுகு உருகும் வாசனையும், அதற்கு அடியில் எங்கிருந்தோ பழைய உமியும் தவிடும் கலந்த ஒரு புழுங்கிய நெடியும், அந்த நெடி மூக்கில் ஏற ஏறத் தன் நெஞ்சே அடைப்பதுபோல் ஒரு பாரமுமாக, அவள் வழக்கம்போலக் காத்திருந்தாள்.

அரங்கு வீட்டுக் கதவுக்குப் பின்னால் யாரோ வாசிக்கத் தொடங்கினார்கள்.

எழுத்துக்கூட்டி. ஒரு வார்த்தை. ஒரு இழுப்பு. அடுத்த வார்த்தை. நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல் மூச்சு. மூன்றாவது வசனம், ஒரு எழுத்துப் பிசகாமல், முடியும் வரை.

பிறகு மெதுவாக, "நான் திங்கலப்பா."

சாலோமிக்கு அப்போதுதான் விளங்கியது. காய்ச்சல் இல்லை. ராதாபுரம் இல்லை. புதுச் சிமெண்ட் பூசிய தரை.

"நெசமா திங்கலப்பா. தொறங்க."

அவளுடைய முறை. ஏன் வாசித்தாள் என்று தெரியாது. வாசிக்காமல் விட்டால் அந்தக் குரல் அழும் என்று மட்டும் தோன்றியது. நான்காவதை வாசித்தாள். அப்பாவுக்காக ஐந்தாவது.

ஆறாவது அம்மாவுக்கு. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

உள்ளே மூச்சும் நின்றது. காத்திருப்பதுபோல.

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவுக்கு அடியில், இருட்டில், நான்கு சின்ன விரல்கள். சிமெண்ட் தூசியில் வெள்ளையாக. நகம் இல்லை.

கட்டில் கிரீச்சிட்டது. மூன்று வருடம் அசையாத உதடுகள் பிரிந்தன. கெசியாவின் கண்ணீர் காதோரம் இறங்கித் தலையணையில் விழுந்தது. அவள் மகளைப் பார்க்கவில்லை. அந்த விரல்களைத்தான் பார்த்தாள்.

"பழத்தைத் தின்னது அம்மாதாம்லே எஸ்றா... உன் தங்கச்சி வயித்துல கெடந்தா, ஆசையா இருந்துச்சு, அப்பாட்ட சொல்லப் பயந்துட்டேன்."